தடை கீது சாமி

பொது இடத்தில் யாராவது கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்த அக்கா நினைத்தார். கேட்பவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறாரா, பேச்சுக்குக் கேட்கிறாரா என்ற வித்தியாசமெல்லாம் அவரிடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் வைக்கிற சாமியார் குரலைச் சற்று உயர்த்தி, "நாம் நம் அயலாரை உண்மையிலேயே நேசிக்கிறோமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு மூச்சு நேரம் இடைவெளி விடுவார். மூன்றாவது பெஞ்சிலிருந்து, "எங்க சாமி, இல்ல" என்று பதில் வரும். சாமியார் தாளைத் தேடுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டார். கேட்டார், சொன்னேன், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் பீடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

குரலும் லேசுப்பட்டதில்லை. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கையுறை தைத்தவர். வரிசையாக மெஷின் ஓடுகிற கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு மெதுவாகப் பேசுவது மறந்தே போயிருந்தது. ரகசியம் சொன்னால் ஜிஎஸ்டி ரோடு வரைக்கும் கேட்கும். ஒரே மகளைக் கேளம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, இரும்புலியூரில் ஓர் அறை வீட்டில் தனியாக இருந்தார். கோயிலில் எந்தப் பொறுப்பும் கிடையாது. பாடல் குழுவில் ஒரு வாரம் சேர்த்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க பெஞ்சுலயே உக்காந்து பாடுங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

பெயரை எழுதப் போவதில்லை. என்னைக் கேட்காமல் என் பெயரை எப்படிப் போட்டாய் என்று நேராக வீட்டு வாசலுக்கு வந்து கேட்கக்கூடியவர். இப்போது வர முடியாத இடத்துக்குப் போய்விட்டார் என்பதற்காக நான் சலுகை எடுத்துக்கொள்வது சரியில்லை.

எங்கள் கோயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. மேலே ஷீட்டு, கீழே சிமெண்டுத் தரை, இரண்டு வரிசை பெஞ்சு, ஓடினால் ஊரையே எழுப்புகிற நான்கு மின்விசிறி. இந்தப் பக்கம் கல் உடைத்த காலத்தில், கல் உடைத்தவர்களே வேலை முடிந்து வந்து சுவர் எழுப்பிய கோயில். என் தாத்தாவும் சுமந்திருக்கிறார். தனக்கென்று சாமியார் உள்ள தனிப் பங்கு அல்ல, கிளைக் கோயில். தாய்ப்பங்கு ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிறது. அது பெரிய கோயில், பளிங்குத் தரை, கார் நிறுத்த இடம், திரையில் பாட்டு வரிகள் எல்லாம் உண்டு. அங்கிருந்து ஒரு சாமியார் ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்களுக்கு வந்து ஒரு பூசை வைத்துவிட்டுப் போவார். எங்களுக்கு அது போதும்.

எனக்கு அந்த அக்கா மேல் கோபம் இருந்தது. அதை மறைத்துவிட்டு எழுதினால் இது பாராட்டுப் பத்திரம் ஆகிவிடும்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இப்போது ஓலையும் இல்லை எழுத்தாணியும் இல்லை, கம்ப்யூட்டரில் அடித்த தாள்தான். பெயர் மட்டும் ஓலை. இன்னாரின் மகன் இன்னார், இந்தப் பங்கைச் சேர்ந்தவர், இன்னாரின் மகளைத் திருமணம் செய்ய இருக்கிறார், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். எங்கள் கோயிலில் யாரும் எதையும் தெரிவித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தெரிவிப்பதாக இருந்தாலும் பூசை முடிந்தபின் தனியாகப் போய்ச் சொல்வதுதான் முறை.

என் கல்யாண ஓலை வாசித்த முதல் ஞாயிறு. அப்போதிருந்தவர் வயதான சாமியார். கடைசி வார்த்தையைப் படித்து முடிப்பதற்குள் மூன்றாவது பெஞ்சில் அக்கா எழுந்து நின்றார்.

"தடை கீது சாமி."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா? எதுவா இருந்தாலும் பூசை முடிஞ்சு தனியா வந்து சொல்லுங்க."

"கேட்டது இங்க, பதிலு மட்டும் தனியாவா? இந்தப் பங்கைச் சேர்ந்தவர்னு படிச்சீங்களே சாமி, இந்தப் புள்ள கோயிலுக்குள்ள வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. கிறிஸ்மஸுக்குக்கூட வாசல்ல நின்னு போன் பேசிக்கினு போய்ட்டான். ஓலைல பொய்யி ஏறலாமா?"

அம்மா முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டார். எனக்கு அந்தச் சிமெண்டுத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எனக்குக் கேளம்பாக்கத்தில் வேலை, மாறி மாறி ஷிப்டு, ஞாயிற்றுக்கிழமை என்றால் மதியம் வரை தூக்கம். உண்மையை ஊர் கேட்கச் சொன்னதுதான் ஆத்திரமாக இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி பெண் வீட்டுக்குப் போய்விட்டது. அதுவும் பாதிச் செய்தி. பெண்ணின் அண்ணன் போன் பண்ணினார்.

"மச்சான், கோயில்ல யாரோ ஒரு லேடி எழுந்து தடை இருக்குன்னு சொன்னாங்களாமே? ஏதாவது... பழைய விஷயம்..."

"ஐயோ, சர்ச்சுக்கு வரலைன்னு சொன்னாங்க மச்சான்."

"அவ்ளோதானா? நானே போய் ரெண்டு வருஷம் ஆச்சு" என்று நிம்மதியாகப் போனை வைத்தார்.

மீதி இரண்டு ஞாயிறும் பூசைக்கு வந்தால்தான் ஓலை என்று சாமியார் சொல்லிவிட்டதால் வந்து, பின்னால் தூணை ஒட்டி நின்றேன். கல்யாணத்துக்கு அக்காவும் வந்தார். பிரியாணியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மேடைக்கு வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல புள்ளதாம்மா. கோயிலுக்குத்தான் வர மாட்டான்" என்றார். வீடியோவில் அது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. என் மனைவிக்கு அந்த இடம் வந்தால் இன்னும் சிரிப்பு. நான் அதற்குப் பிறகு வீம்புக்கே கோயில் பக்கம் போகவில்லை. அம்மாவை பைக்கில் கொண்டுவந்து விட்டு, முடிந்ததும் கூட்டிப்போவேன். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒரு படி ஏறுவதற்குள் இரண்டு புனிதர் பெயரைச் சொல்வார்.

அப்படித்தான், எனக்கு ஒரு குழந்தையும் பிறந்து சில வருடம் கழித்து, ஒரு ஞாயிறு வாசலில் பைக்கோடு நின்றுகொண்டிருந்தேன். வயதான சாமியார் மாற்றலாகி, தெற்கேயிருந்து ஓர் இளம் சாமியார் வந்திருந்தார். நல்ல மனிதர், எதற்கும் முதலில் சிரித்துவிடுவார். ஸ்பீக்கரில் அறிவிப்புகள் வந்தன. வேளாங்கண்ணிக்குப் போகும் பஸ், சிறுவர்களுக்கு விவிலிய வினாடி வினா, அதற்கடுத்து அதே தொனியில் இன்னொன்று. குருக்கள் பற்றாக்குறையையும் வருகைக் குறைவையும் முன்னிட்டு, பத்து நிமிட நடைதூரத்தில் உள்ள தாய்ப்பங்குடன் இந்த ஆலயம் இணைக்கப்படுகிறது. அடுத்த ஞாயிறு முதல் இங்கே திருப்பலி நடைபெறாது.

நான் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே போனேன். அம்மாவின் முகம்தான் முதலில் கண்ணில் பட்டது. ரோட்டைத் தாண்ட வேண்டுமானால் நடைமேம்பாலத்தில் ஏற வேண்டும். அம்மாவால் ஏற முடியாது. அம்மாவைப் போல அங்கே பத்துப் பன்னிரண்டு பேர். ஞாயிறு பூசைதான் அவர்கள் வாரத்தில் ஒருமுறை வீட்டைவிட்டு வெளியே வருகிற காரணம். அதை மூன்று வரியில் முடித்துவிட்டார்கள்.

அக்கா அதற்குள் எழுந்திருந்தார்.

"சாமி, இப்ப நீங்க படிச்சது ஓலையா?"

இளம் சாமியார் சிரித்தார். "இல்லம்மா, அறிவிப்பு."

"இணைக்கிறோம்னு படிச்சீங்க. அந்தக் கோயிலயும் இந்தக் கோயிலயும் சேத்து வெக்கிறதுன்னா கல்யாணந்தானே? ஒரு ஆம்பளையும் பொம்பளையும் சேரதுக்கே மூணு ஓலை படிக்கிறீங்க. இத்தினி குடும்பத்துக்கு ஒண்ணே ஒண்ணா? தடை கீதான்னு ஒரு வார்த்த கேக்கவும் இல்ல."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேதான் அவர் தவறு செய்தார். "சரிம்மா, உங்களுக்காக மூணு வாரம் வாசிச்சாப் போச்சு" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் பீடத்தில் நின்று, மைக்கில் சொன்னார்.

அக்கா சிரிக்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "சாமி இன்னா சொன்னாருன்னு எல்லாரும் கேட்டுக்கினீங்கள்ல? மூணு வாரம். அப்போ அடுத்த வாரமும் பூசை கீது, அதுக்கடுத்த வாரமும் கீது."

"கேட்டோம்" என்றது மொத்தக் கோயிலும். நானும் சொன்னேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. பாவம் அந்தச் சாமியார், அன்று மதியமே பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்குப் போன் செய்து, மைக்கில் வாக்குக் கொடுத்த கதையைச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறார். ஆனால் வாக்கு வாக்குதான் என்று மூன்று வாரம் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஞாயிறு ஆயர் இல்லத்திலிருந்து ஒரு மூத்த சாமியார் நேரில் வந்து, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பார், அதை வைத்து முடிவு என்றும் சொல்லிவிட்டார்கள்.

மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஆபீசில் உட்கார்ந்து அழகாக அடித்துக்கொண்டு வந்து, கோயில் வாசலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "தாழ்மையுடன் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்" என்ற இடத்தில் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாருகிட்ட மன்றாடற?"

"ஆயர்கிட்டக்கா. அப்படித்தான் எழுதணும்."

"மன்றாடறது மேல கீறாரே, அவராண்ட. ஆபீசுக்கு எழுதும்போது சொல்லிக்கிறோம்னு எழுது. எங்க அப்பன் கல்லு சொமந்த கோயிலு, மூடக் கூடாதுன்னு சொல்லிக்கிறோம். அவ்ளோதான்."

மாற்றினேன். மனு பாதியாகச் சுருங்கியது. படித்தபோது எனக்கே முதுகு நிமிர்ந்தது.

ஆனால் அடுத்த விஷயத்தில் எங்களுக்குள் பெரிய சண்டையாகிவிட்டது. எண்ண வருகிற ஞாயிறன்று கூட்டம் காட்ட வேண்டும் என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன். பல்லாவரத்தில் இருக்கும் நண்பன் தன் சொந்தக்காரர்களை ஒரு வேனில் ஏற்றிவருவதாகச் சொன்னான். ஆபீஸ் நண்பர்கள் பத்துப் பேர், கழுத்தில் உத்திராட்சம் போட்டவன் உட்பட, வந்து நிற்கத் தயாராக இருந்தார்கள். பெஞ்சு நிரம்பிவிடும். அக்கா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார்.

"அக்கா, தலை எண்ணத்தான் வராங்க. தலைய காட்டுவோம்."

"மறுவாரம் அந்தத் தலையெல்லாம் எங்கடான்னு கேட்டா?"

"அப்போ பாத்துக்கலாம்."

"பொய்யி சொல்லிக் காப்பாத்தின கோயில்ல நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு முட்டி போடுவேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அப்போ மூடட்டும்! உங்க உண்மையைக் கட்டிக்கிட்டு நடுரோட்டுல முட்டி போடுங்க. எங்கம்மா எங்க போவாங்க அக்கா? சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்தவர் அன்று வாசல் படியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேனை ரத்து செய்தேன். மனதார இல்லை.

எண்ணும் ஞாயிறு வந்தது. மூத்த சாமியார் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் கையில் சின்ன நோட்டோடு நின்றார். அமைதியானவர், நரைத்த புருவம். ஐம்பத்து மூன்று என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். பூசை முடிந்ததும் அக்கா நேராக அவரிடம் போனார்.

"எத்தினி சாமி?"

"ஐம்பத்து மூணும்மா."

"ஒண்ணு கழிச்சிடுங்க." என்னைக் கையால் காட்டினார். "இவன் இந்த ரெண்டு வாரமாத்தான் வரான். பொண்டாட்டியும் புள்ளயும் அப்பப்போ வருவாங்க, அவங்க இருக்கட்டும்."

என் வாழ்க்கையில் நான் அப்படி அவமானப்பட்டதில்லை. மனு எழுதியவன், ஆபீசுக்கு இரண்டு நாள் லீவு போட்டு அலைந்தவன். என் கண் முன்னால் அந்தச் சாமியார் ஐம்பத்து மூன்றை அடித்து ஐம்பத்து இரண்டு என்று எழுதினார். எழுதிவிட்டு அக்காவை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"உங்க கணக்கு முடிஞ்சிச்சா சாமி? இப்போ நான் ஒண்ணு கேக்கறேன். பத்து நிமிசம் நடன்னு கடுதாசில போட்டுக்கீதே, யாருனா நடந்து பாத்தீங்களா?"

இப்போது கேள்வி கேட்கும் முறை அவருடையது. மூத்த சாமியார் உண்மையைச் சொன்னார். "இல்லம்மா. கார்லதான் வந்தேன்."

"நடங்க."

நடந்தோம். கார் காலியாகவே பின்னால் போனது. மூத்த சாமியார், இளம் சாமியார், என் அம்மா, ரயில்வேயில் ரிட்டையரான, தடி ஊன்றிய பெரியவர் ஒருவர், இன்னும் பத்துப் பேர். வெயில் ஏறிவிட்டது. தெருவைத் தாண்டுவதற்குள் பெரியவர் இரண்டு முறை நின்றார். மேம்பாலத்துப் படியில் அம்மா ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். கீழே லாரியும் பஸ்ஸும் போவதில் பாலமே அதிர்ந்தது. மூத்த சாமியார் அங்கியைச் சுருட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார். அம்மா வெட்கப்பட்டு, "நீங்க போங்க சாமி, உங்களுக்கு நேரமாகுது" என்றார். அவர் எழுந்திருக்கவில்லை.

பெரிய கோயிலைப் போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. உள்ளே ஒருவர் பெஞ்சுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். திரை அணைந்திருந்தது. அக்கா தலைமுடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, வழக்கமான குரலில் சொன்னார்:

"பூசை முடிஞ்சி போச்சு சாமி."

மூன்றாவது ஞாயிறு இளம் சாமியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஓலை வாசித்தார். தாளில் இருந்தது வேறு செய்தி. ஒரு வருடத்துக்கு ஞாயிறு திருப்பலி தொடரும், அதன் பிறகு மறுபடி எண்ணிப் பார்த்து முடிவு செய்யப்படும். கோயிலுக்குள் கைதட்டக் கூடாது என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அம்மா அழுதுவிட்டார். தட்டல் ஓய்ந்ததும் அக்கா எழுந்து, "எத்தினி பேரு இருந்தா மூட மாட்டாங்கன்னு போட்டுக்கீதா சாமி?" என்றார். அப்படி எதுவும் போடவில்லை என்றார் அவர். "அப்போ இது பாதிப் பதிலு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். பக்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னை இன்னொரு முறை கழிக்கட்டும் பார்க்கலாம் என்ற வீம்புதான். பாராட்டாக அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் பிரசங்கம் முடிந்தபின் உள்ளே நுழைந்தேன். திரும்பிப் பார்த்து, ஆள்காட்டி விரலின் பாதியைக் கட்டைவிரலால் மறைத்துக் காட்டினார். அரை ஆள் என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்திலும் லேசாக ஏதோ வந்துபோனது. அந்த அக்காவை எனக்கு எப்போதிலிருந்து பிடித்துப்போனது என்று கேட்டால், அந்தக் காலைதான் என்று நினைக்கிறேன்.

வருடம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது கேளம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் இறந்துபோனார். நெஞ்சு வலி. மகள் அங்கேயே அடக்கம் செய்யலாம் என்று பார்த்திருக்கிறாள். பிறகு, "இங்க வெச்சா எழுந்து வந்து கேள்வி கேக்கும்" என்று சொல்லி எங்கள் கோயிலுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

அப்படி ஒரு கூட்டத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. பல்லாவரத்திலிருந்து தோல் கம்பெனிப் பெண்கள் ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். அவருக்கு வாடிக்கையாக மீன் போட்ட பெண்கள் கூடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, நெற்றிக் குங்குமத்தோடு உள்ளே வந்து நின்றார்கள். மகள் வீட்டுத் தெருவே வந்திருந்தது. பெஞ்சு நிரம்பி, தரை நிரம்பி, சந்து முழுக்க ஜனம். இரண்டு சாமியார்களும் வந்திருந்தார்கள். பூசை முடிந்து பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் மூத்த சாமியார் என்னைத் தனியாக அழைத்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, அடுத்த மாசம் எண்ண வரணும். இன்னைக்கே எண்ணிட்டதா எழுதிடட்டுமா? இவ்வளவு பேரைப் பார்த்தா யாரும் மூடச் சொல்ல மாட்டாங்க. தப்பில்ல, எல்லாரும் கோயிலுக்கு வந்தவங்கதானே."

நல்ல மனதோடுதான் சொன்னார். பக்கத்தில் நின்ற அம்மா காதில் அது விழுந்துவிட்டது. என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். சரி என்று சொல்லு என்பதுதான் அந்த இழுப்புக்கு அர்த்தம். அந்தக் கையை நான் மேம்பாலத்துப் படியில் பிடித்திருக்கிறேன். அடுத்த மாதம் எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"வாணாம் சாமி" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதுல முக்கால்வாசி பல்லாவரமும் கேளம்பாக்கமும். இவங்க அக்காவுக்காக வந்தவங்க. நீங்க ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு வாங்க. அப்போ யாரு இருக்காங்களோ, அவங்கதான் நாங்க."